படியெடுத்தலும் படித்துப் பார்த்தலும்

ஒன்றை ஆக்குதல் ஒரு பணி; ஆக்கியதைக் காத்தல் பிறிதொரு பணி. முன்னையதற்குக் கிடைக்கும் பெருமை பின்னையதற்குக் கிடைப்பதில்லை. நூலை இயற்றிய புலவனின் பெயரை நாம் அறிவோம். அந்நூல் அழிந்துபோகாவண்ணம் அதனைத் தலைமுறைதோறும் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதியவர்களுட் பெரும்பாலாரின் பெயரை நாம் அறியோம். பனையோலை நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் கறையானையும் எதிர்த்து நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. ஆகவே இன்று நம் கையில் உள்ள பழந்தமிழ் நூல்கள் மூல ஏடுகளிலிருந்து நேரே வந்தவையல்ல. படிக்குப் படியாக எழுதப்பட்டு வந்தவையே. எங்கோ ஒரு தலைமுறை சோம்பியிருந்த இடத்தில் நூல் நின்றுபோயிற்று.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்து வெளியிட்டார். அவர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் எதிர்நோக்கிய இடர்கள் இரண்டு. ஏடு கிடையாமை ஒன்று. கிடைத்த ஏடு படிக்க இயலாத நிலையில் இருந்தமை மற்றொன்று. இவ்விரண்டனுள் இரண்டாவதே கொடியது என்பது என் எண்ணம். இல்லாததை இல்லையென்று அறிந்து தேடலாம். இருக்கிறது என்று நம்பி வீட்டுப் பரணில் வைத்திருந்த ஏட்டை, வேண்டும் வேளையில் அவிழ்த்துப் பார்க்கும்போது அது தூளாகிக் கொட்டுமாயின், அதுகாறும் வேறெங்கும் தேடாதிருந்த காலமும் சேர்ந்தே இழப்பாகிறது.

பழைய ஏடுகளைப் பற்றி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இணையத்தளம் ஒன்றின் தரவுத்தளத்தை, அத்தளத்திலேயே இயங்கும் சிறு செய்நிரல் ஒன்றின் துணைகொண்டு நாள்தோறும் படியெடுத்து வைக்கும் பணியில் சில ஆண்டுகள் ஈடுபட்டு வந்தவன் என்ற முறையில், அப்பணி எனக்குக் கற்பித்தவற்றையே இங்கு கூற முற்படுகிறேன்.

இணையத்தளம் என்றதும் பக்கங்கள் நம் கண்முன் தோன்றுகின்றன. உண்மையில் இன்றைய தளங்கள் பலவற்றில் அப்பக்கங்கள் பக்கங்களாக எங்கும் இருப்பதில்லை. வாசகர் ஒருவர் ஒரு பக்கத்தை வேண்டும்போது, சேவையகத்திலுள்ள செய்நிரல் தரவுத்தளத்தின் அட்டவணைகளிலிருந்து வேண்டிய நிரைகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றைக் கோத்து, அந்தக் கணத்திற் பக்கத்தை உருவாக்கி அனுப்புகிறது. இவ்வாறு கோக்கும் பணிக்குப் பெரிதும் பயன்படும் பிஎச்பி என்னும் மொழியும், அட்டவணைகளைக் காக்கும் மைஎஸ்கியூஎல் என்னும் மென்பொருளும் 1995ஆம் ஆண்டில் வெளிவந்தவை. உலகெங்கும் உள்ள சிறு சங்கங்களும் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் குறைந்த செலவில் தமக்கெனத் தளம் அமைக்க இவ்விரண்டுமே வழிசெய்தன. ஆயின் இவ்வமைப்பின் விளைவு ஒன்றுண்டு. தளத்தின் தோற்றம் அழிந்தால் மீண்டும் வரைந்துகொள்ளலாம். தரவுத்தளம் அழிந்தால் தளமே இல்லை.

எனது பொறுப்பில் உள்ளது வலிகாமம் வடக்கைச் சேர்ந்த வாசிகசாலையொன்றின் தளம். 1990இல் அப்பகுதி மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்றவர்கள் பலர் தம் வளவின் எல்லையைக் கண்டறியவே இடர்ப்பட்டனர். வேலிகள் இல்லை, பனைகள் இல்லை, ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்துபோயின. இந்நிலையில், வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் கிணறுகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் வழங்கிய பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்கும் முயற்சியை வாசிகசாலையினர் மேற்கொண்டனர். பெயர், இடம், அதற்குக் கூறப்படும் காரணம், கூறியவர், கூறிய நாள் என ஒவ்வொரு பதிவும் அமைந்தது. இன்று இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. தொகுப்பு தொடங்கியபோது எண்பது வயதைக் கடந்திருந்த பெரியவர் ஒருவர், தம் குறிச்சியின் நாற்பத்தொரு கிணறுகளின் பெயரையும், எவ்வெக் கிணற்று நீர் நன்னீர், எது உவர் என்பதையும், படமெதனையும் பாராது ஒரே மாலைப் பொழுதிற் சொன்னார். அவர் தம் வளவுக்குத் திரும்பாமலே காலமானார். அந்நாற்பத்தொரு பெயர்களுட் பலவற்றை இன்று சொல்லக்கூடியவர் எவரையும் நாம் காணவில்லை. அவை தரவுத்தளத்தில் நாற்பத்தொரு நிரைகளாக உள்ளன.

இத்தகைய தளங்கள் பெரும்பாலும் வாடகைக்குப் பெற்ற சேவையக இடத்திலேயே இயங்குகின்றன. ஒரே கணினியைப் பல நூறு தளங்கள் பகிர்ந்துகொள்வதால் வாடகை குறைவு, உரிமையும் குறைவு. தரவுத்தளத்தைப் படியெடுப்பதற்கென மைஎஸ்கியூஎல் மென்பொருளுடன் வரும் கட்டளையை இயக்குவதற்கு அங்கே பல வேளைகளில் அனுமதி இருப்பதில்லை. உலாவி வழியாக எட்டக்கூடியவையே நமக்கு எட்டுவன. எனவே படியெடுக்கும் பணியையும் ஒரு வலைப்பக்கத்தின் வடிவில், அதாவது பிஎச்பி மொழியில் எழுதிய செய்நிரலாக, அத்தளத்திலேயே வைக்கவேண்டியதாகிறது.

அச்செய்நிரல் ஆற்றும் வேலை எளிதிற் சொல்லத்தக்கது. முதலில் அது தரவுத்தளத்திலுள்ள அட்டவணைகளின் பெயர்களைக் கேட்டறிகிறது. பின்னர் ஒவ்வோர் அட்டவணையும் எவ்வாறு அமைந்தது என்பதைக் கேட்டு, அதனை மீண்டும் அமைப்பதற்கான கட்டளையைக் கோப்பொன்றில் எழுதுகிறது. அதன்பின் நிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, ஒவ்வொன்றையும் மீள உட்புகுத்துவதற்கான கட்டளையாக எழுதுகிறது. இறுதியிற் கோப்பைச் சுருக்கி வைக்கிறது. இவ்வாறு கிடைப்பது தரவுத்தளத்தின் நிழற்படம் அன்று. அதனை வெறுந்தரையிலிருந்து மீண்டும் கட்டியெழுப்புவதற்கான செய்முறை என்பதே பொருந்தும்.

எளிதிற் சொல்லத்தக்க இவ்வேலைக்கு இடையூறுகள் மூன்று. முதலாவது, காலம். வலைப்பக்கம் ஒன்றை உருவாக்கும் செய்நிரல் நெடுநேரம் இயங்கலாகாது என்பதற்காகப் பிஎச்பி தானே எல்லையொன்றை வகுத்துள்ளது. வழக்கமான எல்லை 30 செக்கன்கள். சிறு தளத்துக்கு இது போதும். தளம் வளர வளர, ஒருநாள் செய்நிரல் பாதிவழியில் நிறுத்தப்படும். அப்போதும் கோப்பொன்று இருக்கும். அதற்கு அன்றைய நாளின் பெயரும் இருக்கும். ஆயின் பிற்பாதி இராது. ஆகவே செய்நிரல் ஒரு தடவைக்கு 500 நிரைகள் என்றவாறு எடுத்து, எங்கே விட்டது என்பதைக் குறித்துவைத்து, அடுத்த அழைப்பில் அங்கிருந்து தொடரவேண்டும். நம் முன்னோர் ஏட்டின் இறுதியில் ‘முற்றிற்று’ என்று எழுதியதன் அருமையை நான் இங்கேதான் உணர்ந்தேன். அச்சொல் இல்லாத ஏடு குறையேடு. மைஎஸ்கியூஎல் மென்பொருளின் கட்டளையும் தான் எழுதும் கோப்பின் கடைசி வரியில் படியெடுப்பு நிறைவுற்றது என நாளும் நேரமும் குறித்தே முடிக்கிறது. எமது செய்நிரலும் கடைசி வரியில் அச்சொல்லையே எழுதுகிறது. அவ்வரி இல்லாத கோப்பு படியென ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை.

இரண்டாவது இடையூறு, அட்டவணைகளுக்கிடையிலான இசைவு. எமது தளத்திற் பெயர்கள் ஓர் அட்டவணையிலும் அவற்றைக் கூறியவர்கள் வேறோர் அட்டவணையிலும் உள்ளனர். இரண்டையும் ஓர் எண் இணைக்கிறது. கூறியவர்களின் அட்டவணையைப் படியெடுத்து முடித்து, பெயர்களின் அட்டவணைக்குச் செல்லும் இடைவேளையில் எவரேனும் புதியவர் ஒருவரையும் அவர் கூறிய பெயரையும் பதிவாராயின், படியிற் பெயர் இருக்கும்; கூறியவர் இரார். ஒரே தொடர்பில் முழுவதையும் எடுக்க இயலுமாயின், தொடங்கிய கணத்தின் நிலையிலேயே அனைத்தையும் காட்டும் வசதி தரவுத்தளத்தில் உண்டு. பல அழைப்புகளாகப் பிரித்து எடுக்கும்போது அவ்வசதி கைகொடாது. ஆகவே நாம் அதிகாலை இரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் புதிய பதிவுகளை நிறுத்திவைத்துப் படியெடுக்கிறோம்.

மூன்றாவது, மறைவு. செய்நிரல் வலைப்பக்கமாக இருப்பதால், அதன் முகவரியை அறிந்த எவரும் அதனை இயக்கலாம். அது எழுதும் கோப்பு தளத்தின் பொதுக் கோப்புறையிலேயே கிடந்தால், எவரும் அதனை எடுத்துச் செல்லலாம். இத்தகைய கோப்புகளுக்கு மக்கள் இடும் வழக்கமான பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும் தானியங்கிகள் இணையத்தில் ஓயாது அலைகின்றன. எமது தரவுத்தளத்தில் முதியோரின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் உள்ளன. அவர்கள் அவற்றை எம்மை நம்பித் தந்தார்கள். ஆகவே செய்நிரலும் கோப்பும் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. குறித்த வேளையிற் சேவையகம் தானே அதனை இயக்குகிறது. செய்நிரலுக்குத் தரவுத்தளத்தை வாசிக்கும் உரிமை மட்டும் உண்டு. எழுதும் உரிமை இல்லை. கோப்பு மறைகுறியாக்கப்பட்ட பின்னரே அங்கிருந்து வெளியேறுகிறது. காப்பதற்காக எடுத்த படியே களவுக்கு வாயிலாகும் நிலை அவ்வளவு எளிதில் வரக்கூடியது.

இவ்வளவும் செய்த பின்னரும் படி இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. தொடக்கத்தில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த செய்நிரலொன்றையே நாம் பயன்படுத்தினோம். அதனைப் பொறுப்பான பணிக்கு அமர்த்துமுன், அது எழுதிய முதற் கோப்பைக் கொண்டு எனது கணினியில் வெறுந் தரவுத்தளமொன்றை நிரப்பிப் பார்த்தேன். அட்டவணைகள் சரியாக அமைந்தன. நிரைகளின் எண்ணிக்கை ஒன்றும் குறையவில்லை. நாள்களும் தொலைபேசி எண்களும் பிழையின்றி இருந்தன. தமிழ் இருந்த இடமெங்கும் வினாக்குறிகள் வரிசையாக நின்றன.

இதற்கான காரணத்தை அறிந்துகொள்வது தமிழில் இணையத்தளம் நடத்தும் எவர்க்கும் இன்றியமையாதது. தரவுத்தளத்தில் எழுத்துகள் ஒருங்குறியில் உள்ளன. செய்நிரல் தரவுத்தளத்தோடு பேசத் தொடங்கும்போது, எந்தக் குறிமுறையிற் பேசப்போகிறோம் என்பதைச் சொல்லவேண்டும். சொல்லாவிடில், மேலை ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளை மட்டும் கொண்ட பழைய குறிமுறையிலேயே பேச்சு நடைபெறும் அமைப்புகள் பல இருந்தன. அக்குறிமுறையில் தமிழெழுத்துக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளம் ஒரு வினாக்குறியை இட்டு அனுப்புகிறது; பிழையென்று எச்சரிப்பதில்லை. அச்செய்நிரலை எழுதியவர் தம் மொழியில் அதனைச் சோதித்திருப்பார். அவருக்கு அது சரியாகவே இயங்கியிருக்கும். பிறமொழியொன்று அவ்வழியாக வரக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை, அவ்வளவே.

குறிப்பொன்று மட்டும் இருந்தது. ஒருங்குறியின் வழக்கமான சேமிப்பு முறையிற் குறியொன்றுக்குத் தமிழ் மூன்று பைற்றுகளைக் கொள்கிறது. வினாக்குறிக்கு ஒன்றே போதும். ஆகவே அக்கோப்பு இருக்கவேண்டிய அளவிலும் மிகச் சிறிதாக இருந்தது. எனினும் அளவைக் கண்டு ஐயுறுவதற்கும் எவரேனும் ஒருவர் பார்க்கவேண்டுமன்றோ! குறிமுறையைக் கூறும் ஒற்றை வரியைச் சேர்த்ததும் தமிழ் தமிழாக வந்தது. அவ்வொற்றை வரி இல்லாமல் ஆண்டுக்கணக்கிற் படியெடுத்திருப்பினும், நாற்பத்தொரு கிணறுகளும் நாற்பத்தொரு வினாக்குறி வரிசைகளாகவே எஞ்சியிருக்கும். ஏடெழுதுவோர் அறியாது செய்த பிழையாற் பாடபேதம் தோன்றிற்று. அதனை ஒப்புநோக்கித் திருத்தலாம். வினாக்குறியிலிருந்து எந்தப் பாடத்தையும் மீட்க இயலாது.

அன்று தொடங்கி, மாதந்தோறும் முதற் கிழமையில் ஒரு படியை எடுத்து முழுமையாக மீள நிறுவி, நிரைகளை எண்ணி, சில பக்கங்களைக் கண்ணாற் படித்துப் பார்ப்பது எமது வழக்கமாயிற்று. இப்பணி சலிப்பூட்டுவது. ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாகவே இருக்கும்போது, இம்முறை விட்டுவிடலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு காலையில் தளம் திறக்கவில்லை. எமக்குச் சேவையக இடம் வழங்கிய நிறுவனத்தின் வன்வட்டுகள் பழுதடைந்தன என்றும், அவர்கள் வைத்திருந்த படிகளும் பயன்படும் நிலையில் இல்லை என்றும் மறுநாள் அறிவித்தல் வந்தது. தரவுகளைக் காக்கும் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்ததையும் அவர்கள் நினைவூட்டினர். அன்று மாலையே வேறோரிடத்தில் வாடகைக்கு இடம் பெற்று, அதிகாலை எடுத்த படியை அங்கே நிறுவினோம். மாதந்தோறும் செய்து பழகிய வேலையாதலின் கை நடுங்கவில்லை. இரண்டு மணிக்குப் பின் பதியப்பட்ட மூன்று பதிவுகள் மட்டும் இல்லை. அவை தொகுத்தவரின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தன. முதியோரின் குரற்பதிவுகளும் ஒளிப்படங்களும் தரவுத்தளத்தில் அடங்குவனவல்ல. அவை தனிக் கோப்புகள். அவற்றுக்கு வேறாகப் படியெடுத்திருந்தமையால் அவையும் தப்பின. அதே சேவையகத்திலிருந்த வேறு சில சிறு தளங்கள் அதன்பின் திறக்கவேயில்லை. அவற்றில் என்ன இருந்தது என்று கேட்பதற்கும் இடமில்லாமற் போயிற்று.

சிறியோருக்கே இது நேரும் என எண்ணலாகாது. மென்பொருள் ஆக்குவோருக்கான கிட்லாப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31இல், நள்ளிரவை அண்டிய வேளையில், பொறியியலாளர் ஒருவர் துணைச் சேவையகத்திலிருப்பதாக எண்ணி முதன்மைச் சேவையகத்தின் தரவுகளை நீக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற்றுகளில் 4.5 கிகாபைற்றுகளே எஞ்சின. அவர்களிடம் படியெடுக்கும் முறைகள் ஐந்து இருந்தன. தேடியபோது, அவற்றுள் ஒன்றேனும் எதிர்பார்த்தவாறு இயங்கவில்லை என்பது வெளியாயிற்று. நாள்தோறும் படியெடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையாற் படிகள் எழுதப்படவேயில்லை. அதனை எச்சரித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டிருந்தன. வேறொரு சோதனைக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த படியொன்றே அவர்களைக் காத்தது. அந்நிறுவனத்தார் நடந்தவற்றை மறையாது வெளியிட்டமை பாராட்டுக்குரியது.

நம் நாட்டில் 2023 ஆகஸ்ற் மாதத்தில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்பம் கோரும் நச்சு மென்பொருளால் தாக்கப்பட்டபோது, அரச அலுவலகங்கள் பலவற்றின் மின்னஞ்சல்கள், அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஆகஸ்ற் 26 வரையானவை, மீளாது போயின. இணைப்பிலிருந்த படியும் மூலத்தோடு சேர்ந்தே தாக்குண்டது. இணைப்புக்கு வெளியே அக்காலத்துக்குரிய படி இருக்கவில்லை. இதிலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவு. மூலத்தை எட்டக்கூடிய கை படியையும் எட்டக்கூடாது. எமது சேவையகம் படியை எங்கும் அனுப்புவதில்லை. வெளியிலுள்ள கணினி வந்து எடுத்துச் செல்கிறது. சேவையகத்துக்கு அக்கணினியின் திறவுகோல் தெரியாது.

மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்ற விதி இன்று பரவலாக அறியப்பட்டது. அதனைப் பரப்பியவர் பீற்றர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர். இவ்விதியின் தேவையை நமக்கு விளக்க வேற்று நாட்டு எடுத்துக்காட்டுகள் வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூல்களுட் பல வேறிடங்களில் இருந்தமையால், மீண்டும் தேடிச் சேர்க்க இயன்றது. வேறு படியற்ற சுவடிகளை எவராலும் மீட்க இயலவில்லை. தீ வைத்தவர்களின் குற்றம் எக்காலத்தும் குற்றமே. படியெடுத்திருப்பின் அக்குற்றம் குறைந்திராது. ஆனால் எதை அழிக்கமுடியும் என்பதன் எல்லையைப் படிகளே வகுக்கின்றன.

எமது படிகள் இன்று மூன்று வீடுகளில் உள்ளன. அவற்றுள் ஒன்று கடல் கடந்தது. நாளுக்கு ஒன்றாக ஏழும், கிழமைக்கு ஒன்றாக நான்கும், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டும் வைத்திருக்கிறோம். ஏனெனிற் பழுதொன்று நேர்ந்த அன்றே கண்ணிற் படுவதில்லை. கடவுச்சொற்களும் மீள நிறுவும் முறையும் தாளில் எழுதப்பட்டு வாசிகசாலை அலுமாரியில் உள்ளன. என் தலையில் மட்டும் இருக்கும் அறிவு, படியில்லாத ஏட்டினும் வேறானதன்று.

சென்ற மாதச் சோதனையை நான் செய்யவில்லை. உயர்தரம் பயிலும் மாணவியொருத்தி அத்தாளைப் பார்த்துத் தானே செய்தாள். நிரைகளை எண்ணி முடித்தபின், விதிப்படி சில பக்கங்களைத் திறந்து படித்தாள். அவற்றுள் ஒன்று கிணற்றுப் பெயர். அக்கிணறு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது, பதிவிற் காரணமும் திசையும் எழுதப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை தன் தந்தையுடன் போய்த் தேடப்போவதாகச் சொன்னாள்.